வெர்னாஸ் மணிக்கு மூன்று அடி

எங்கள் ஊர் மணியை அடிக்கப் பெரிய பலமெல்லாம் வேண்டாம் ஐயா. கயிற்றைத் தோள் உயரத்தில் பிடித்து, இடுப்பை லேசாக மடக்கி இழுத்தால் போதும். மீதியை மணியே பார்த்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள்தான் கையால் வெட்டி வெட்டி இழுத்து உள்ளங்கையைக் கிழித்துக்கொள்வார்கள். அப்படி ஒருத்தி கிழித்துக்கொண்டாள், அது பின்னால் வரும்.

நீதிபதி ஐயா, உங்கள் குமாஸ்தா எழுதுகிற வேகத்துக்குச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. என் பெயர் ஒர்தான்ஸ். வயது நாற்பத்து நான்கு. லொசேர் மலை மேல் வெர்னாஸ் என் ஊர், மொத்தம் ஏழு வீடு. செத்துப்போன சில்வேன் என் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். எனக்கு அவரைப் பிடிக்கும். முதலிலேயே இதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் வெளியே ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள்.

நீங்கள் கீழ் ஊர்க்காரர். உங்களுக்கு மணி என்றால் பூசைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. எங்களுக்கு அது பனிப்புயலுக்கு. வாடை கிளம்பிப் பனியைத் தூக்கி அடிக்கும்போது நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. அந்த மேட்டுவெளியில் காற்று ஒரு பக்கமாக வராது, சுழன்று சுழன்று அடிக்கும். காற்றை வைத்துத் திசை பார்த்தவனைக் கோடையில்தான் கண்டெடுப்போம். அதனால் புயல் வந்தால் மணி அடிக்கவேண்டும், வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை. வெளியே யாருமே போகவில்லை என்று தெரிந்தாலும் காற்று அடங்கும்வரை அடித்தே ஆகவேண்டும்.

தெற்கே இரண்டு மணி நேர நடையில் கொம்ப்ரெ என்ற ஊர். அங்கும் ஒரு மணி உண்டு. எங்களுக்கு மூன்று அடி, ஒரு நிறுத்தம். அவர்களுக்கு இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இது விளையாட்டுக்கு வைத்த கணக்கு இல்லை. எங்கள் ஊரைச் சுற்றி வெறும் தரை, மூன்று கேட்டால் சத்தத்தைப் பார்த்து நேராக நடந்து வரலாம். கொம்ப்ரெக்கு முன்னால் பெரும் பள்ளம் குறுக்கே கிடக்கிறது. இரண்டு கேட்டால் நேராகப் போகவே கூடாது. மணியை இடது தோள் பக்கமாக வைத்துக்கொண்டு, கல்பாலம் காலில் தட்டும்வரை சுற்றியேதான் போகவேண்டும். எங்கள் பிள்ளைகள் ஜெபம் படிக்கும் முன்னால் இதைப் படிக்கும். நொயெமிக்கு நான் எண்ணக் கற்றுக்கொடுத்ததே அந்த மணியை வைத்துத்தான்.

நொயெமி என் மகள். காகிதத்தில் அப்படி இல்லை என்று சொல்வீர்கள். எனக்குப் பிறந்தவை மூன்று, மூன்றும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன. கடைசிப் பிள்ளையை ஒரு செவ்வாய்க்கிழமை புதைத்தோம். பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்தேன். வெள்ளிக்கிழமை வண்டிக்காரன் ஒரு கூடையோடு வந்தான், உள்ளே அனாதை இல்லத்துப் பிள்ளை, பிறந்து பத்து நாள். பெற்றவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள், வளர்க்கிறீர்களா என்று பங்குச் சாமியார் எழுதியிருந்தார். நான் பதில் சொல்வதற்கு முன்பே பிள்ளை வாய் வைத்துவிட்டது. ஒன்பது வருடம் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

போன அக்டோபரில் கடிதம் வந்தது. பெற்றவள் பெயர் கிளாரிஸ். நீம் நகரத்தில் துணி வெளுக்கிறாளாம், ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாளாம், இப்போது பிள்ளை வேண்டுமாம். அனாதை இல்லத்து அலுவலகத்தில் சரி என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"பெத்தவ கேக்கறா ஒர்தான்ஸ். நாம என்ன பண்ண முடியும்?" என்றார் சில்வேன்.

"பெத்தவளா? பத்து நாள் பிள்ளையக் கூடையில போட்டு அனுப்பினவளுக்குப் பேரு பெத்தவளா?"

"அப்போ அவளுக்குப் பதினேழு வயசு. ஒரு துண்டு ரொட்டிக்கு வழியில்ல."

"இப்போ எனக்கு வழி இருக்கா? நான் எங்க போவேன்?"

"நீ எங்க போகப்போற. என்கூடத்தான் கிடக்கப்போற." சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் காலைப் பிடித்தேன் ஐயா. மாட்டுக்கொட்டிலில், சாணியில் மண்டிபோட்டுப் பிடித்தேன். நாம் மூன்று பேரும் ஸ்பெயினுக்குப் போய்விடலாம் என்றேன், பிள்ளை செத்துவிட்டது என்று எழுதிவிடலாம் என்றேன். என்னைத் தூக்கி நிறுத்தி அவரும் அழுதார். அழுதுவிட்டு மறுநாள் காலையில் சாமியாரிடம் போய்ப் பதில் எழுதச் சொன்னார். பனி வழியை அடைப்பதற்குள் வந்துவிடு, இல்லாவிட்டால் ஏப்ரல்வரை பொறுத்துக்கொள் என்று எழுதினார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் வருகிறேன் என்று அவள் எழுதினாள்.

ஏப்ரல் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நாலு மாதத்தில் என்னென்னவோ நடக்கலாம். அந்த ரயில்காரன் மனம் மாறலாம், அவள் வயிற்றில் வேறொன்று வரலாம். பனி விழவேண்டும் என்று மாதாவிடம் முழங்கால் தேயக் கேட்டேன். நவம்பர் முழுவதும் வானம் பளபளவென்று நீலமாக நின்றது. அந்த நீலத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழி தெரியாத பெண் தனியாக மலை ஏறமாட்டாள் என்று சில்வேனே அழைத்துவரக் கிளம்பினார், வியாழக்கிழமை. நொயெமி வாசல்வரை ஓடினாள்.

"அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?"

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன்டா கண்ணு."

"ஆளையா? ஆளை வெச்சு நான் என்ன பண்றது? மிட்டாய் வாங்கிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லிடு. நீ சொன்னாத்தான் அவ தாங்குவா," என்று மெல்லச் சொன்னார். "சனிக்கிழமை பத்து மணிக்குக் கொம்ப்ரெயிலிருந்து கிளம்பிடுவோம். பன்னிரண்டரைக்குள்ள சூப்பைச் சுட வெச்சிரு." நான் நொயெமியிடம் எதுவும் சொல்லவில்லை. சூப்பை மட்டும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை பனிக்காலம் மாதிரியே இல்லை. கூரையிலிருந்து நீர் சொட்டியது, பக்கத்து வீட்டுப் பிலோமினின் கோழிகள் சுவரோரம் வெயில் காய்ந்தன. பதினொரு மணி வாக்கில் வடமேற்கே வானத்தின் அடியில் ஒரு கோடு தெரிந்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கருஞ்சாம்பலாக, மேலே வெட்டிவிட்டது போலச் சீராக. காற்று அப்படியே நின்றுவிட்டது. பசு தண்ணீரில் வாய் வைக்காமல் தலையைத் தூக்கிக்கொண்டது. பிறகு வாடை வந்து வீட்டில் மோதியது. நான் வாளியைக் கிணற்றடியிலிருந்து உள்ளே கொண்டுவருவதற்குள் தண்ணீர் மேல் ஏடு கட்டிவிட்டது. பன்னிரண்டுக்கெல்லாம் பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. நான் கேட்டது வந்துவிட்டது, ஆனால் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது.

அது எங்கள் வீட்டு வாரம். புயல் வந்தால் வீட்டுக்கு வீடு கயிறு கட்டிவைப்போம், மணிக்கூண்டுவரை. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாத்தூரின் வந்தான்.

"ஒர்தான்ஸ் அக்கா, சில்வேன் அண்ணன் இன்னைக்கா வராரு?"

"இந்த வானத்தைப் பாத்துட்டு யாராவது கிளம்புவாங்களா? கொம்ப்ரெயிலதான் இருப்பாரு."

"காலையில வெயில் அடிச்சதே. கிளம்பியிருந்தா?"

"கிளம்பியிருந்தா மணி இருக்கே."

"அது சரி. நீ கயிறப் பிடிச்சா அந்தக் கிழட்டுக் கடா வாசனை பிடிச்சே வந்துடும்," என்று சிரித்தான். "நான் மாத்தி அடிக்கவா? உனக்குக் கை ஓய்ஞ்சுடும்."

"நீ போய் உன் ஆட்டைப் பாரு. எனக்கு ஓய்ஞ்சா கூப்பிடறேன்."

அவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும் ஐயா. பத்து என்றால் பத்துக்குக் கிளம்புகிற மனிதர். புயல் அடித்த நேரத்தில் பாதி வழியைத் தாண்டியிருப்பார்கள், எங்கள் ஊர்தான் அவர்களுக்குக் கிட்டே என்பதும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நொயெமியைப் பிலோமின் வீட்டில் விட்டுவிட்டு மணிக்கூண்டுக்குப் போனேன்.

முதலில் மூன்றுதான் அடித்தேன். கால் மணி நேரம் ஒழுங்காக அடித்தேன். ஜன்னல் மேட்டில் நொயெமியின் கையுறை ஒன்று கிடந்தது, முந்தின நாள் விட்டுவிட்டுப் போயிருந்தாள். கட்டைவிரல் பக்கம் இரண்டு முறை தைத்திருந்தேன், மறுபடி பிரிந்திருந்தது. அடுத்த முறை பிரிந்தால் இதை யார் தைப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கயிறு கையில் இருக்கும்போதே அந்த நினைப்பு வந்தது. கை இரண்டோடு நின்றது. அது கைத்தவறு, நினைப்பில் நின்றுவிட்டது. அதற்கடுத்து இரண்டோடு நிறுத்தியது நான்.

அவருக்குக் கொம்ப்ரெ மணி என்று தோன்றும், சுற்றித் திரும்பி வந்துவிட்டோம் என்று நினைப்பார், பாலத்தைத் தேடி அந்தப் பக்கமே போய்விடுவார், அதற்குள் வழி அடைபட்டுவிடும், பிறகு ஏப்ரல். இப்படித்தான் நினைத்தேன். நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் பாலமே கிடையாதே, இல்லாத பாலத்தைத் தேடி எங்கள் மணியைச் சுற்றுகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்று. அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் பலம் வேண்டும் ஐயா, நான் அன்று முழுப்பலத்தையும் அதற்கே செலவழித்தேன். அதில் மாட்டிக்கொள்ளப்போவது கணக்குத் தெரிந்த ஆள்தான் என்பதும் அப்போது தோன்றவில்லை. அப்படியே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அடித்தேன். வீடுகளுக்குள் இருந்தவர்களுக்குக் காற்றின் இரைச்சலில் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறது. கொம்ப்ரெ மணியைக் காற்று கொண்டுவருகிறது என்று பிலோமின் சொன்னாளாம்.

கதவில் ஏதோ மோதியது. திறந்தேன். ஒரு பெண் நாலு காலில் ஊர்ந்து உள்ளே வந்தாள். காலில் பட்டணத்துச் செருப்பு, ஒன்றைக் காணோம். மேலே சில்வேனின் கம்பளிப் போர்வை. நிமிர்ந்து பார்த்தாள், நொயெமியின் புருவம் அவள் முகத்தில் இருந்தது.

"அவர் வெளிய இருக்காருக்கா," என்றாள். பல் அடித்துக்கொண்டதால் பேச்சே வரவில்லை. "மணி இந்தா இங்க இருக்கு, இங்க இருக்குன்னு கத்தறேன், கேக்கவே இல்ல. நேரா போனா பள்ளம், செத்துடுவோம்னு சொல்லி சுத்திச் சுத்தியே கூட்டிட்டு வந்தாரு. எனக்கு முடியல. பாறை மறைவுல உக்கார வெச்சு இதைப் போத்திவிட்டாரு. பாலத்தைக் கண்டுபிடிச்சிட்டு வரேன், தூங்கிடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. எந்தப் பாலம்க்கா?"

நான் கதவைச் சாத்தினேன்.

"எனக்குத் தூக்கமா வந்தது. எப்படியும் சாகத்தான போறோம், விழுந்தாப் பள்ளத்துலயே விழலாம்னு மணியப் பாத்தே வந்தேன். ஒரு பள்ளமும் இல்லையே. வெறும் தரைதானே இருந்துது?"

அவளுக்கு எங்கள் கணக்குத் தெரியாது. அதனால் பிழைத்துவிட்டாள். தெரிந்தவர் வெளியே நின்றுவிட்டார்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? அடிங்க! அவருக்குக் கேக்க வேண்டாமா?" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். தான் இரண்டு மணி நேரமாகக் காதில் கேட்டதை அப்படியே அடித்தாள். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். கையால் வெட்டி இழுத்தாள், முதலிலேயே சொன்னேனே. கொஞ்ச நேரத்தில் கயிறு சிவப்பாகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவுப் பக்கம் திரும்பி, "அண்ணே! இங்க வாங்கண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். மூன்று அடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் இரண்டு அடித்தாய் என்று அவள் கேட்பாள். அவள் கேட்டால்கூடச் சமாளிக்கலாம். அவர் உள்ளே வந்து பனியைத் தட்டிவிட்டு அதையேதான் முதலில் கேட்பார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. அதனால் நின்றேன். அவள் கை கிழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்த நேரம் மணி அடித்தது நான் இல்லை, அவள். குமாஸ்தா அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளட்டும்.

மறுபடி கதவு திறந்தது. நொயெமி, தலையெல்லாம் பனி. பிலோமின் கண்ணயர்ந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்திருக்கிறாள்.

"அம்மா, தப்பா அடிக்கிறீங்க," என்றாள். "கொம்ப்ரெ மணின்னு அத்தை சொல்றாங்க. எனக்கு நம்ம மணி சத்தம் தெரியாதா? ரெண்டு அடிச்சா அப்பா சுத்தித்தான வருவாரு."

அம்மா என்ற சொல்லுக்கு நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். நொயெமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க யாரு?"

"வழி தவறி வந்தவங்க," என்றேன்.

கிளாரிஸ் கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நொயெமிக்கு அழுகிறவளைப் பார்க்க நேரமில்லை. கயிற்றில் தாவி, முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுத்தாள். மூன்று அடி, ஒரு நிறுத்தம். நான் தடுக்கவில்லை. அப்போது மணி நாலரை இருக்கும். அவளும் அந்தப் பெண்ணும் மாறி மாறி விடியும்வரை மூன்று மூன்றாகவே அடித்தார்கள். மாத்தூரினும் மற்றவர்களும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்று முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பினார்கள்.

ஞாயிறு காலை காற்று விழுந்தது. பிலோமின் தோட்டச் சுவருக்கு அந்தப்பக்கம், மணிக்கூண்டிலிருந்து எழுபது தப்படி தூரத்தில், மாத்தூரின்தான் கம்பால் குத்திக் கண்டுபிடித்தான். சில்வேன் குப்புறக் கிடந்தார். தலை எங்கள் ஊர்ப்பக்கம், இரண்டு கையும் முன்னால். சட்டைப் பையில் மிட்டாய்ப் பொட்டலம் நனையாமல் இருந்தது.

மாத்தூரின் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "சுத்திக்கிட்டு வந்த ஆள் இப்படி விழமாட்டாரு. நேரா வந்திருக்காரு. மூணு கேட்டிருக்கு இவருக்கு," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அப்போ அதுவரைக்கும் என்னக்கா கேட்டுது?"

"ரெண்டு," என்றாள் நொயெமி.

வழி திறந்த அன்று கிளாரிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளாரிஸின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்று மட்டும் கேட்காதீர்கள் ஐயா, அது இந்த வழக்கில் சேராது.

டாக்டர் தன் காகிதத்தில் மூன்று மணிக்கே உயிர் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாராம். அது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். நொயெமி கயிற்றைத் தொடும்வரை அவர் உயிரோடு இருந்தார். கிளாரிஸ் உள்ளே வந்தபோது நான் மூன்று அடித்திருந்தால் எழுபது தப்படியையும் நடந்து வந்திருப்பார். நான் அடிக்கவில்லை. என் புருஷனை நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும். கடைசியில் அந்த மனிதருக்குச் சரியான மணி கேட்டது. அதை அடித்தது நான் வளர்த்த பிள்ளை, அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது நான். அதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.